மூன்றாவது ஆள்

“ரோட்டர்டாம்ல கப்பல் மெக்கானிக்னு சொன்னீங்க. உங்க பேருக்குப் பக்கத்துல மகெலாங்னு காட்டுதே?”

மெலாத்தி இப்படி எழுதியதும், கொத்தனார் சார்ஜோனோவின் சிமெண்டு காய்ந்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

அவர் ஊரான மகெலாங்கில் மணிக்கு மூவாயிரம் ரூப்பியாவும் கிரெதெக் என்னும் கிராம்பு சிகரெட்டின் புகையும் பலகைத் தடுப்புமாக இணையக் கடைகள் இருந்த காலம் அது. மனைவி போன பிறகு சார்ஜோனோ சிரித்ததெல்லாம் நாலு மணி அரட்டையில், முகம் பார்க்காத இந்த மெலாத்தியோடுதான். அவளுக்கு ஏதோ குளிர்நாட்டில் வேலையாம். முந்தாநாள்வரை அரட்டை அறை யாருடைய ஊரையும் காட்டியதில்லை. பொய் தெரிந்தால் அவளும் போய்விடுவாள்.

வாசல் மேசையிலிருந்த கடைக்காரி தூத்திக்கிடம் ஓடினார். கெத்து என்னும் மரவள்ளிக்கிழங்குப் பலகாரக் கூடை ஒன்று ஆளில்லாமல் கிடந்து காலில் இடறியது. அந்தக் கூடைக்காரியிடம் தினமும் வாங்கித் தின்பார். “ரெண்டு பொட்டலம்” என்பதற்கு மேல் பேசியதில்லை.

“இபு, ஊரு தெரியாம பேசணும்.”

“அதுக்குத்தான் ப்ராக்ஸி, பாக். உங்களுக்குப் பதிலா வேற ஊர்லேருந்து ஒருத்தன் போய் நிப்பான். என்கிட்ட மூணு பேரு இருக்கானுங்க.”

முதல் ஆள் ஓட்டைவாய். ‘கொலம்பியா, அனுப்பியவர்: மகெலாங்’ என்று போட்டுக் கொடுத்துவிட்டான்.

“கொலம்பியாவுல யாரு உங்களுக்கு?” என்றாள் மெலாத்தி.

இரண்டாமவன் அனுப்பியவர் பேரைச் சொல்லவில்லை. ஆனால் ‘வேறொருத்தருக்காக வந்திருக்கேன்’ என்று சொல்லித் தொலைத்தான். அரட்டை அறை அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது.

“இவனுங்களைச் சித்தாளா வச்சா சுவரு நிக்குமா, இபு?”

“மூணாமவன் கெட்டிக்காரன். தானே வந்த மாதிரி நிப்பான்.”

நின்றான். சார்ஜோனோ பேருக்குப் பக்கத்தில் ‘ஊலு, பின்லாந்து’. அப்போதுதான் பார்த்தார், மெலாத்தி பேருக்குப் பக்கத்திலும் அதே ஊர்!

“எங்க ஊருக்கு எப்ப வந்தீங்க?”

“கப்பல் இந்தப் பக்கம் திரும்பிடுச்சு. ஒரே பனி.”

“ஆமா, ஆமா. முழங்காலுக்குக் கொட்டுது. வெளிய வந்துடாதீங்க. என்னையும் கூப்பிட்டுடாதீங்க!”

தகரக் கூரையில் மழை தடதடத்தது. ஒரே ஊர் என்றதும் ஒளிகிறாளே! மறுபடி எழுந்து போனார்.

“உலகத்துல வேற ஊரே இல்லையா, இபு? அவ இருக்கற ஊருக்கா என்னை அனுப்பணும்?”

தூத்திக் தலை நிமிரவில்லை.

“உருப்படியான ஆளு என்கிட்ட அவன் ஒருத்தன்தான், பாக். நேத்துலேருந்து ஏழாம் தடுப்புல இருக்கற கெத்துக்காரம்மாவுக்கும் அவன்தான் போய் நிக்கறான்.”