நட்சத்திரம் சொன்னால் நோய் தெரியும்

மனித குலத்தின் மருத்துவ வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் நலவாழ்வுச் சங்கம் இணையத்தில் ஏறியதற்கு முன், ஏறிய பின். 1998-இல் நடந்த இந்தப் புரட்சியை உலகம் இன்னும் கவனிக்கவில்லை என்றால் அது உலகத்தின் குறை.

நான்தான் அந்தச் சங்கத்தின் ‘கணினிப் பிரிவு’. பிரிவில் வேறு ஆள் கிடையாது. பெயர் ரெங்கசாமி. அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு விமானம் ஏறி வந்தவன். என் வேலை பர்மிட்டை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருபவர் சங்கத் தலைவர் தம்புசாமி. ஆகவே அவருடைய எல்லாக் கருத்துகளிலும் எனக்கு முழு உடன்பாடு உண்டு.

சங்கத்தின் கிளினிக்கில் நோயாளிகளின் கார்டுகள் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. மேருவிலிருந்து வள்ளியம்மா என்று ஓர் அம்மாள் சர்க்கரை ரிசல்ட் கேட்டு இரண்டு பஸ் மாறி வருவார். அன்றைக்குப் பார்த்து அவர் கார்டு மட்டும் கிடைக்காது. இந்தக் கொடுமைக்கு முடிவுகட்டத் தலைவர் திருவுளம் கொண்டார். கார்டுகளையெல்லாம் நான் டைப் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். எந்த ஊர் சைபர் கஃபேயிலும் உட்கார்ந்து அவரவர் நோயை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

ரகசியச் சொல் என்னவாக இருப்பது என்று கமிட்டி கூடியது. ஆளுக்கொரு சொல்லை அவரவரே வைத்துக்கொள்ளட்டும் என்று பணிவோடு சொல்லிப் பார்த்தேன். வயதானவர்கள் மறந்துவிடுவார்கள் என்றார் செயலாளர். எழுதி வைப்பார்கள், எழுதியதையும் தொலைப்பார்கள் என்றார் பொருளாளர். தலைவர் கண்ணை மூடினார். திறந்தபோது தீர்வு வந்திருந்தது.

“தமிழன் எத மறந்தாலும் தன் நட்சத்திரத்த மறக்க மாட்டான் லா. பேரு போடணும், நட்சத்திரம் போடணும், கார்டு திறந்துக்கணும். வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் திருடன் எவனுக்காச்சும் கேட்டை தெரியுமா, உத்திரட்டாதி தெரியுமா?”

பலத்த கைதட்டல். இருக்கிறதே இருபத்தேழு நட்சத்திரம், பெயர் தெரிந்தவன் பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் போதுமே என்று ஓர் அற்ப எண்ணம் எனக்குள் எழுந்தது. பர்மிட் ஞாபகம் வந்ததும் தானே அடங்கிவிட்டது.

திட்டம் மகத்தான வெற்றி. வள்ளியம்மா ஈப்போவில் மகள் வீட்டில் மயங்கி விழுந்தார். மகள் நட்சத்திரத்தைச் சொல்ல, அங்கிருந்த டாக்டர் கார்டைத் திறந்து பார்த்துச் சரியான ஊசி போட்டார். இதில் கிண்டல் எதுவும் இல்லை. அந்த அம்மாள் பிழைத்தது நான் டைப் செய்த கார்டால்தான்.

அடுத்து, கோயில்களில் பக்தி பெருகியது. அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது பெயர், நட்சத்திரம், ராசி எல்லாவற்றையும் மணிச் சத்தத்தை மீறி உரக்கச் சொல்வது நம் வழக்கம். அதுவரை சாமியும் குருக்களும் மட்டுமே அதைக் காதில் வாங்கினார்கள். இப்போது வரிசையில் பின்னால் நின்றவர்களும் மிகுந்த ஈடுபாட்டோடு கேட்டார்கள். சிலர் பேனா கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்தால் எதிரேயிருந்த சைபர் கஃபேயில் உட்கார இடம் கிடைக்காது.

சமூகத்தில் பரஸ்பர அக்கறையும் வளர்ந்தது. மேரு பாசாரில் வள்ளியம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தொட்டதும் கடைக்காரர் அதைப் பிடுங்கிவைத்தார். “வேணாம் லா அக்கா. போன வாரம் சுகர் பதினாறுக்கு ஏறியிருந்துச்சே, பாத்தோம்ல.” கிள்ளானில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் நாலு பேர் ஓடிப்போய் மெத்தை வைத்த நாற்காலி கொண்டுவந்தார்கள். தனக்கு எங்கே ஆபரேஷன் ஆனது என்று அவர் சொந்தத் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை.

இந்தப் பொற்காலத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பண்டமாரானில் லோரி கம்பெனி சூப்பர்வைசர் வேலாயுதத்தின் மகள் ராஜேஸ்வரி. கிள்ளானில் பாலர்பள்ளி ஆசிரியை. பார்க்கப் போன அன்று, ஊரை விட்டு வந்தவனுக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். இந்த நாட்டில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. பல வருடங்களாக வரவும் இல்லை. இதை நானே, என் வாயால், அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சந்திக்கலாம், ஒரு விஷயம் பேச வேண்டும் என்று அவளிடம் சொல்லியும் வைத்தேன். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் உதட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன்.

அதற்குள் அவர்கள் வீட்டில் ஜாதகம் கேட்டார்கள். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். முதல் வரியிலேயே இருந்தது: ரெங்கசாமி, சுவாதி நட்சத்திரம், துலாம் ராசி. என் கார்டும் இணையத்தில்தான் இருந்தது. ஏற்றியவனும் நான்தான். எதைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன் என்பது திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது.

ஓடிப்போய்த் தலைவரிடம் நின்றேன். என் கார்டை மட்டும் ஒரு வாரத்துக்கு இறக்கி வைக்கட்டுமா என்று கெஞ்சினேன். பச்சை இரும்பு பீரோவுக்கு முன்னால் நாற்காலியில் சாய்ந்தபடி, பதிவு என்பது புனிதமானது, ஒருவருக்காக அதைத் தொட்டால் சங்கத்தின் ‘வெளிப்படைத்தன்மை’ என்ன ஆவது என்று விளக்கினார். “நேர்மையா இருக்கிறவனுக்கு மறைக்க என்ன தம்பி இருக்கு?” என்று முதுகில் தட்டியும் கொடுத்தார்.

சனிக்கிழமை ராஜேஸ்வரி ஆபீசுக்குப் போன் செய்தாள்.

“நாளைக்கு ஏதோ பேசணும்னீங்களே. அதுதானா?”

“ஆமா.”

“ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம்னாரு. அப்பா அங்கேருந்து நேரா சைபர் கஃபே போயிட்டாரு. சித்தப்பா, பூச்சோங் மாமா எல்லாம் கூடப் போனாங்க. பிரிண்ட் எடுத்துட்டு வந்து வீட்டுல ஆளாளுக்குப் படிச்சாங்க.”

“நான் முன்னாடியே சொல்லியிருந்தா?”

“நீங்க சொல்லியிருந்தா நமக்குள்ள பேசியிருக்கலாம். நானும் யோசிச்சு ஒரு பதில் சொல்லியிருப்பேன். இப்ப எங்கிட்ட யாரும் கேக்கவே இல்ல. அப்பா வேற எடம் பேசி முடிக்கப் போறாரு. உங்க தலைவர் மகனாம். அவருக்கு ஒரு நோயும் இல்லையாம்.”

“எப்படித் தெரியுமாம்?”

“அப்பா அவரு பேரு, நட்சத்திரம் எல்லாம் போட்டுத் தேடினாராம். கார்டே வரலையாம். அவ்வளவு ஆரோக்கியமான பையன்னு ஒரே சந்தோஷம்.”

போனை வைத்துவிட்டு யோசித்தேன். சங்கத்தின் கார்டுகள் அத்தனையையும் டைப் செய்தவன் நான். தலைவர் வீட்டுக் கார்டு ஒன்றுகூட என் மேஜைக்கு வந்ததில்லை. எழுந்து அவர் அறைக்குப் போனேன்.

“ஐயா, உங்க குடும்பத்துக் கார்டெல்லாம் பாக்கியா இருக்கு. ஏத்திடட்டுமா?”

தலைவர் கழுத்தைத் திருப்பிப் பின்னாலிருந்த பச்சை பீரோவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கோம் தம்பி. இந்த நேரத்துல கண்டவன் பாக்கிற மாதிரியா வைக்க முடியும்?”

ஆகவே, எங்கள் தலைவருக்கு அந்தரங்கத்தின் அருமை தெரியாது என்று கிள்ளானிலும் மேருவிலும் பேசித் திரிகிறவர்களை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பீரோ சாவியை அரைஞாணில் கட்டியிருக்கிறார், குளிக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை.