புங்கமரத்தை நட்டது யார்?

வெய்யிற்கோட்டை என்று ஒரு நாடு. அங்கே அரசரை மக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த ஐந்தாண்டுகள் வருத்தப்பட்டார்கள். இரண்டும் குடிமக்களின் பிறப்புரிமை என்று சட்டப் புத்தகத்தில் இருந்தது.

தலைநகரின் பள்ளிக்கூட மைதானங்கள் அனைத்தும் சிமெண்ட் தரைகள். ‘தூசியில்லாப் பள்ளி’ என்ற திட்டத்தின்கீழ் மாமன்னர் பொழிலரசர் போட்டுக் கொடுத்தவை. தூசி போனது. கூடவே புல், மண்புழு, மரம் எல்லாம் போயின. கோடையில் அந்தத் தரையில் கால் வைத்த பிள்ளைகள் சூடு தாங்காமல் உடனே எடுத்தார்கள். காலைப் பிரார்த்தனையில் நின்றவர்கள் வரிசை குலையாமல் மயங்கி விழுந்தார்கள்.

தேர்தல் நெருங்கியது. தேர்தல் நெருங்கும்போதெல்லாம் மாமன்னருக்கு இரக்கம் சுரக்கும். உப்பரிகையில் வந்து நின்றார். இனி பள்ளிதோறும் சோலை என்று அறிவித்தார்.

உடனே ஒரு சட்டச் சிக்கல். கன்று நட சிமெண்ட்டை உடைக்க வேண்டும். சிமெண்ட்டோ மாமன்னரின் சாதனை. சாதனையை உடைப்பவருக்குச் சிறை. அமைச்சரவை கூடி வழி கண்டுபிடித்தது. கன்றைப் பிளாஸ்டிக் பையோடு தரையின் மேலேயே வைத்துவிடலாம். பக்கத்தில் மாமன்னரின் பெயர் பொறித்த கல் நடலாம். கல்லுக்காக மட்டும் சிமெண்ட்டை உடைக்க அனுமதி உண்டு.

அமைச்சர் வருவார். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார். படம் எடுப்பார்கள். பிறகு கன்று வேனில் ஏறி அடுத்த பள்ளிக்குப் போய்விடும். பள்ளிக்கொரு கன்று என்று கொடுத்தால் ஒன்று உயரமாக இருக்கும், ஒன்று குட்டையாக இருக்கும், பாரபட்சம் என்று பேச்சு வரும். அதனால் நாடு முழுவதற்கும் ஒரே கன்று.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, தகரக்கடைத் தெருப் பள்ளியில் ஒரு மரம் கண்ணில் படும்வரை.

நிஜமான மரம். குடை விரித்தது போன்ற புங்கமரம். மூன்றாம் வகுப்பு அதன் கீழேதான் நடந்தது. அந்த வகுப்புக்குக் கட்டடம் இல்லாமல் இல்லை. தகரக் கூரை போட்ட அறை ஒன்று உண்டு. போன கோடையில் அல்லி என்ற சிறுமிக்கு அதற்குள் மூக்கில் ரத்தம் கொட்டியது. அன்றே தலைமையாசிரியை செங்கமலம் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கரும்பலகையை மரத்தில் சாய்த்துவிட்டார்.

விழா ஏற்பாட்டைப் பார்க்க வந்த பசுமை ஆணையர் குலோத்துங்கர் மரத்தின் முன் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டினார். மரம் அங்கேயே இருந்தது.

“இது யாரால் நடப்பட்டது?”

“யாரும் நடலைங்க. தானா முளைச்சது. அப்புறம் தரை போட்டப்ப சிமெண்ட் பத்தாம இந்த மூலையை விட்டுட்டுப் போயிட்டாங்க” என்றார் செங்கமலம்.

“முளைத்த காலம்?”

“ஒரு பத்து வருஷத்துக்கு மேல இருக்கும்.”

ஆணையர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் கறுத்தது. “அப்படியானால் இது முந்தைய மன்னர் எழிற்கோ ஆட்சியின் மரம். அம்மா, நீங்கள் பிள்ளைகளை எதிர்க்கட்சியின் நிழலில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.”

“அது எந்தக் கட்சி நிழல்னு புள்ளைங்களுக்குத் தெரியாதுங்க.”

“தெரியாமல் அனுபவிப்பதுதான் ஆபத்து.”

அமைச்சர் வருவதற்குள் மரம் வெட்டப்பட வேண்டும் என்று உத்தரவாயிற்று. மரத்தடியில் வைத்தால் கன்றின் படம் இருட்டாக விழும் என்பது துணைக் காரணம். பிள்ளைகள் தகர அறைக்குத் திரும்பலாம். சாவி இல்லையென்றால் பூட்டை உடைத்துத் தர அரசு தயார்.

செங்கமலம் மனு எழுதவில்லை. அழவுமில்லை. நேராக ஒண்டிமுத்துவின் கல்பட்டறைக்குப் போனார். மதிலோர மரத்தடியில் நிறுத்த ஒரு கல் வேண்டும், சீக்கிரம் வேண்டும், இரண்டு பக்கமும் மெருகு போட வேண்டும் என்றார்.

“பின்பக்கத்தை யார் பார்க்கப் போறாங்க டீச்சர்? மதில் பக்கம்தானே இருக்கும்?” என்றார் ஒண்டிமுத்து.

“போட்டு வைங்க. கல்லு கெட்டா போகப்போகுது?”

கோடாரிக்காரர்களோடு ஆணையர் வந்தபோது மரத்தடியில் பளபளவென்று ஒரு கல் நின்றது. ‘இம்மரம் மாமன்னர் பொழிலரசரின் பொற்கரங்களால் நடப்பட்டது.’ தேதி, அந்த வாரத் திங்கட்கிழமை.

கோடாரிக்காரர்கள் கோடாரியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். மன்னர் பெயர் உள்ள கல்லின் அருகே ஆயுதம் தூக்கினால் ராஜதுரோகம்.

“மாமன்னர் இங்கு எப்போது வந்தார்?” என்றார் ஆணையர்.

“திங்கக்கிழமை. கல்லுல போட்டிருக்குதுங்களே.”

“திங்கட்கிழமை நட்டது அதற்குள் இவ்வளவு உயரமா?”

“மன்னரோட கைராசி. நீங்க இல்லைங்கிறீங்களா?”

ஆணையர் மரத்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கோடாரிக்காரர்கள் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார்.

“நான் எங்கே இல்லை என்றேன்?”

செய்தி அரண்மனைக்குப் போனது. மாமன்னர் கொஞ்சம் யோசித்தார். நட்டதாக நினைவில்லை. நடவில்லை என்றும் நினைவில்லை. ஆகவே நம்பினார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அரசரின் கை பட்டாலே மரம் வளரும் என்றால் தண்ணீர் எதற்கு? பள்ளிகளுக்கான தண்ணீர் லாரிகள் நிறுத்தப்பட்டன. குடிக்க வந்த தண்ணீரும் அதே லாரியில்தான் வந்தது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கன்று வைத்த பள்ளிகளில் மரம் எங்கே என்று அடுத்த கேள்வி வந்தது. மரம் காட்டாத தலைமையாசிரியர்களின் ராஜபக்தி சோதிக்கப்படும் என்றார்கள். பள்ளிச் சுவர்களில் ராவோடு ராவாக ஆலும் அரசும் பச்சை வண்ணத்தில் தோன்றின. வரைந்த மரத்தின் கீழே பிள்ளைகள் உட்கார வைக்கப்பட்டார்கள். நாட்டின் பசுமைப் பரப்பு பல மடங்கு பெருகிவிட்டதாக அரசு அறிவித்தது.

பக்கத்துத் தெருப் பள்ளியின் தலைமையாசிரியர் தணிகாசலம் கொதித்துப்போய் வந்தார். “உங்க மரம் பொழைச்சிடுச்சு டீச்சர். என் புள்ளைங்க பெயின்ட் அடிச்ச நிழல்ல வேகுதுங்க.”

“இங்க கூட்டிட்டு வாங்க சார். நெருக்கி உக்கார வச்சுக்குவோம்” என்றார் செங்கமலம்.

நெருக்கி உட்காரவும் விடவில்லை. அதிசய மரத்தைக் காக்க அரசு இரும்பு வேலி போட்டது. கம்பிக்குக் கம்பி பொழிலரசரின் முகம். உள்ளே பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது. காப்பாற்றிய மரம் கண்ணெதிரே நின்றது, நிழலில் ஒரு காவலர் தூங்கினார். காலையிலும் மாலையிலும் நிழல் வேலியைத் தாண்டி வெளியே சாயும். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் அந்த நீள நிழலோடு நகர்ந்து நகர்ந்து படித்தார்கள். உச்சி வெயிலில் நிழல் வேலிக்குள் சுருங்கிவிடும். அப்போது அல்லி கம்பிக்கு வெளியே நின்று மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

தேர்தல் நடந்தது. பொழிலரசர் தோற்றார். எழிற்கோ மறுபடி மன்னரானார்.

புதிய ஆட்சியின் முதல் ஆணையை யார் வேண்டுமானாலும் ஊகித்துவிடலாம். தோற்ற மன்னர் நட்ட மரங்கள் அனைத்தும் அகற்றப்பட வேண்டும். நாடு முழுவதும் தேடினார்கள். சுவர் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வேர் விட்ட மரமாக ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது.

அதே குலோத்துங்கர் வந்தார். தோளில் துண்டு மட்டும் புது நிறம். பின்னால் அதே கோடாரிகள்.

அதற்குள், காவலர் தூங்கிய நேரத்தில், ஒண்டிமுத்து உளியோடு வேலிக்குள் வந்து போயிருந்தார். கல்லைத் திருப்பக் கடப்பாரை பிடித்தவர் தணிகாசலம். பழைய பெயர் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்பக்கம் புதிய எழுத்துகள் வெயிலில் மின்னின: ‘இம்மரம் மாமன்னர் எழிற்கோவின் பொற்கரங்களால் நடப்பட்டது.’

ஆணையர் படித்தார். மறுபடியும் படித்தார். செங்கமலம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். இந்த மனிதர் நாலடி நடந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், மரமும் போகும், வேலையும் போகும்.

அவர் நடக்கவில்லை.

“அன்றைக்கே சொன்னேனே, அம்மா. இது எழிற்கோ ஆட்சியின் மரம் என்று. நீங்கள்தான் கேட்கவில்லை.” கோடாரிக்காரர்கள் பக்கம் திரும்பினார். “வேலியில் யார் முகம் இருக்கிறது என்று தெரியவில்லையா? பிடுங்குங்கள்.”

வேலி சாய்ந்தது. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் திமுதிமுவென்று நிழலுக்குள் புகுந்தார்கள்.

எல்லாம் முடிந்தது என்று செங்கமலம் மூச்சு விட்டபோது, ஆணையர் குனிந்து அல்லியிடம் கேட்டார். “சொல் பாப்பா, இந்த மரத்தை நட்டது யார்?”

அல்லி எழுந்தாள். கல்லருகே போனாள். முன்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“இன்னைக்கு எழிற்கோ, சார்.”

கோடாரிக்காரர்களில் ஒருவர் இருமினார். ஆணையர் நிமிர்ந்து துண்டைச் சரிசெய்துகொண்டார். மிகச் சரியான விடை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, செங்கமலத்தைத் தனியே அழைத்தார். முதல்முறையாக அவர் குரலில் அரசாங்கம் இல்லை.

“டீச்சர், இந்தக் கல்லு எந்தப் பட்டறையில அடிச்சீங்க? என் வீட்டு வாசலுக்கு ஒண்ணு வேணும்.”

செங்கமலம் சொன்னார். ஆனால் ஆணையர் போய்ச் சேர்ந்தபோது ஒண்டிமுத்துவின் பட்டறையில் நிற்க இடமில்லை. முன்னாள் அமைச்சர்கள், இந்நாள் அமைச்சர்கள், அரசவைக் கவிஞர்கள், ஆளுக்கொரு கல்லோடு வரிசையில் நின்றார்கள். எல்லாக் கல்லிலும் ஒரு பக்கம்தான் மெருகு போட்டிருந்தது.