ஊசிக்குத் தாடி வளர்ந்த மத்தியானம்

தூசிக்குப் பயந்தவர்கள் கண்டியில் பலர் இருக்கலாம். தூசியே பயந்து ஒதுங்கிய மனிதர் ஒருவர்தான்: அம்பிட்டியவில் எங்கள் தலைக்கு மேலே குடியிருந்த தூசி நாநா. ஊரே அவரை நாநா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டதில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குக்கூட மறந்துபோயிருந்தது.

சரிவில் கட்டிய வீடு அது. ரோட்டு மட்டத்தில் அவர். இருபத்திரண்டு படி இறங்கினால் நாங்கள். நடுவில் பலகைத் தளம். புடவைக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, ஒரு ரெக்கோட் பிளேயரும் நூறு இசைத்தட்டுகளுமாக அவர் அங்கே தனியாக இருந்தார்.

தட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியைத் துடைக்காமல் அடுத்த பக்கம் போடமாட்டார். அதற்குப் பத்து நிமிஷம் வேண்டும். முதலில் கை கழுவுவார். ஃபேனை நிறுத்துவார். ஜன்னல்கள் எப்போதும் மூடித்தான் இருக்கும். இருந்தாலும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பிறகு பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, சின்னத் தூரிகையால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தடவுவார். அந்த நேரத்தில் நாம் மூச்சு விடுவதைக்கூட அவர் விரும்புவதில்லை.

இது தெரியாமல் என் கணவர் ஒருநாள் உதவி செய்யப்போய் ஊசியை வாயால் ஊதிவிட்டார்.

"ஊதினீங்களா தம்பி? வாயாலயா?" என்று நாநா கேட்ட விதத்தில், ஏதோ துப்பிவிட்டவர் போல இவர் வெளியே வந்தார். அடுத்த ஒரு மாதம் இவருக்கு உட்கார இடம் வாசல் கதிரைதான்.

மகன் பிறந்த பிறகு எனக்கும் மேலேயிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. 'மகள், பிள்ளையின் பவுடர் பலகை இடுக்கால் மேலே வருகிறது. தயவுசெய்து குறைக்கவும்.' பவுடர் மேல்நோக்கிப் போகுமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். போகாது என்றுதான் பட்டது. ஆனாலும் குறைத்தேன். மேலே போகிற பவுடர் குழந்தையின் மூக்குக்குள்ளும் போகலாமே!

என் மகனுக்கோ நாநாவின் ஒரு வயலின் தட்டு பலகை வழியாகக் கேட்டால்தான் மத்தியானத் தூக்கம். தட்டைத் திருப்பிப் போடப் பத்து செக்கன் மன்னிப்பான். பதினோராவது செக்கனில் அழுகை. அதனால் நாநா ஊசியைத் துடைக்கும் நேரமெல்லாம் நான் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடப்பேன்.

தடுப்பூசி போட்ட மறுநாள் அவன் காய்ச்சலில் விடிய விடிய அழுதிருந்தான். பகலில் ரோட்டில் வேறு கல் உடைக்கும் மெஷின். எப்படியோ ஒரு மணிக்குக் கண்ணை மூடினான். பக்கத்தில் சாய்ந்த நான் விழித்தபோது நாலு மணி. குழந்தை பக்கமிருந்து, கர்ர்... கர்ர்... என்றொரு சத்தம்.

நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று முடிவு செய்தேன். ஃபோனில் தேடினேன், அது என்னை இன்னும் பயமுறுத்தியது. கணவருக்கு மூன்று முறை எடுத்தேன், பதில் இல்லை. கிளினிக் அட்டையையும் இரண்டு சட்டையையும் பையில் திணித்து, த்ரீவீலுக்குச் சொல்லிவிட்டு, தூங்குகிறவனைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினேன். பவுடரைக் குறைத்தது போதாது, அடியோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று படிக்குப் படி என்னையே திட்டினேன்.

ஏற ஏற சத்தம் கூடியது. பாதிப் படியில் நின்று அவன் முதுகில் காதை வைத்தேன். அமைதி. மேலே நாநாவின் கதவில் காதை வைத்தேன். கர்ர்.

கதவு தாழிட்டிருக்கவில்லை, தள்ளினேன். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, வயலினை மூடிக்கொண்டு அதே கர்ர். ஊசியின் முனையில் ஆட்டுத் தாடி போல ஒரு தூசிப் பஞ்சு. நாநா இரண்டு காதிலும் பஞ்சு அடைத்து, பல்வலிக்காரர் மாதிரி முகத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார்.

"நாநா, ஊசியில தூசி," என்றேன் மெதுவாக.

ஒரு காதுப் பஞ்சை எடுத்தார். "தெரியும் மகள். ஒரு மணியிலயிருந்து பாத்துக்கொண்டுதான் ஈக்கேன்."

"அப்ப தொடைக்கலாமே?"

"ராவெல்லாம் புள்ள அழுதது பலகையால கேட்டிச்சு. தொடைக்கப் பத்து நிமிஷம் வேணும். இவர் பத்து செக்கனுக்கு மேல தாராரில்லையே."

அப்போதுதான் கவனித்தேன். எங்கள் அறைக்கு நேர் மேலே இருந்த ஜன்னல் விரியத் திறந்திருந்தது. மெஷின் சத்தத்தை மீறி வயலின் கீழே கேட்க வேண்டுமாம். அதன் வழியாக அம்பிட்டியவின் தூசி முழுவதும் வரிசையாக உள்ளே வந்து, அவருடைய தட்டில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

த்ரீவீலைத் திருப்பி அனுப்பினேன். வாசல் கதிரையில் உட்கார்ந்தேன். மகன் ஐந்து மணி வரை தூங்கினான். காய்ச்சல் விட்டிருந்தது. நாநா தூரிகையைக் கையில் பிடித்தபடியே அவன் விழிப்பதற்காகக் காத்திருந்தார்.

இப்போது கடுகண்ணாவைக்கு வந்துவிட்டோம். மகன் என் ஃபோனில் வயலின் கேட்டுத் தூங்குகிறான். துளி தூசியில்லாத சுத்தமான சத்தம். அந்தக் கரகரப்பு இல்லாமல் எனக்குத்தான் மத்தியானங்களில் கண் மூடுவதில்லை.