வேப்பமரத்தில் நான் கட்டிய துணி

பாடி,
7.8.93

அன்பும் மரியாதையும் நிறைந்த கிறிஸ்துராஜ் மாமாவுக்கு,

மருமகள் ஞானகுமாரி எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, தங்கை ஜெயகுமாரி மூவரும் நலம். நானும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அங்கு நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

வண்டிப் புகையைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வரும் சனிக்கிழமை உங்கள் ஆபீசில் நடக்கும் கூட்டத்தில் என் பெயரையும் சேர்த்தீர்கள். எங்கள் பள்ளி வாசலில் லாரிகள் இன்ஜினை அணைக்காமல் நிற்பதால் ஜன்னலோரம் உட்காரும் ஜெயகுமாரிக்கு இருமல் நிற்பதே இல்லை, லாரி நிறுத்தத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று நான் பேசுவதாக ஏற்பாடு. "வாயால சொன்னா எழுதிப்பாங்க, கண்ணால காட்டினாதான் நம்புவாங்க" என்று நீங்கள் சொன்னதால் இரண்டு வெள்ளைத் துணிகளை எடுத்து, ஒன்றை வீட்டுக் கொல்லையிலும் மற்றதைப் பள்ளி வாசல் வேப்பமரத்திலும் கட்டினேன். எது எவ்வளவு கறுக்கிறது என்று காட்டலாம் என்பது என் எண்ணம். "என் மருமகள் விஞ்ஞானச் சான்றோடு வருவாள்" என்று அதிகாரி மனோகரன் சாரிடமே நீங்கள் சொல்லிவிட்டதாக அத்தை பெருமையோடு எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா, தவறு முடிச்சுப் போடும்போதே நடந்துவிட்டது. காற்றில் பறக்காமலிருக்க மூன்று முடிச்சுப் போட்டேன். பிறகு கண்ணை மூடி, "மாதாவே, இது நன்றாக அழுக்காக வேண்டும்" என்று வேண்டிக்கொண்டேன். ஆடி மாதம், வேப்பமரம், அதன் முன் கண்ணை மூடி நிற்கும் ஒரு பெண். எதிரே பூ விற்கும் பொன்னியம்மா அக்கா பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் என் துணி மஞ்சளாக இருந்தது. "அம்மன் மரத்துல வெள்ளத் துணி கட்லாமா பாப்பா? அதான் நானே மஞ்சத் தண்ணில முக்கிக் கட்னேன். இன்னா வேண்டிக்கினே, பரிச்சையா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் "ஆமாக்கா" என்றேன். போதாக்குறைக்கு அந்த வாரமே கணக்கில் எனக்கு முதல் மதிப்பெண் வந்து தொலைத்தது.

அவ்வளவுதான். மரம் முழுக்க மஞ்சள் துணி, வளையல், ஒரு குட்டித் தொட்டில். லாரி ஓட்டும் வேம்புலி அண்ணன் நல்ல லோடு கிடைத்ததென்று பூசணிக்காய் உடைத்தார். அவர் நின்றதால் பின்னால் வந்த லாரி நின்றது, அதன் பின்னால் பஸ் நின்றது, "யோவ், இன்னாய்யா அங்க?" என்று ஒருவர் கத்த, "சாமி மாமே! ஒரு கற்பூரம் கொளுத்திக்கினு போ, பிரேக்காவது புடிக்கும்" என்று இன்னொருவர் கத்த, யாரும் இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை. நாலு லாரி நின்ற இடத்தில் இப்போது ஒரு வரிசையே நிற்கிறது. டீசல், கற்பூரம், சாம்பிராணி மூன்றும் கலந்து வகுப்புக்குள் வர, ஜெயசீலி டீச்சர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்துகிறார். ஜெயகுமாரி இப்போது ராத்திரியிலும் இருமுகிறாள், மாமா. அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பவள் நான்தான்.

புகையைக் குறைக்கப் போய்ப் பெருக்கிவிட்டேன். மஞ்சளும் குங்குமமுமாக இருக்கும் அந்தத் துணியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால் மனோகரன் சார் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவிழ்க்கவும் கை வரவில்லை. மற்றவர்கள் நம்பி வணங்குவதை நான் எப்படித் தொடுவது? "சர்ச்சுக்குப் போற பொண்ணு, ரோட்டுல கோயிலே கட்டிட்டு வந்துட்டா" என்று அப்பா சிரிக்கிறார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஆகையால் தயவுசெய்து என் பெயரை அடித்துவிடுங்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள். உங்களைப் பொய் சொல்ல வைப்பதற்கும் சேர்த்தே வெட்கப்படுகிறேன்.

மாதாவின் அருள் உங்களுக்கும் அத்தைக்கும் கிடைக்கட்டும். இந்த வாரம் என் பங்கையும் உங்களுக்கே தரும்படி ஜெபித்திருக்கிறேன். மனோகரன் சார் முன்னால் நிற்கப்போவது நீங்கள்தானே.

தலை நிமிராத மருமகள்,
ஞானகுமாரி

பி.கு.: தபால் பெட்டிக்கு முன்னால் பொன்னியம்மா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாடி, மூஞ்சி இப்டி கீது?" என்றதும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. "நாள் முச்சூடும் இந்தப் பொகையிலதான் குந்திக்கினு கீறேன். என்னை எவனாவது கேட்டானா? கூட்டம் எங்க, எப்போ, சொல்லு" என்றார். "நான் மட்டும் மூக்க ஊட்ல வச்சிட்டா வண்டி ஓட்றேன்? நானும் வர்றேன்" என்று வேம்புலி அண்ணனும் சேர்ந்துகொண்டார். அதனால் உறையைப் பிரித்து, பூக்கடையில் உட்கார்ந்தே இதை எழுதுகிறேன். மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம், மாமா. மரத்தடியில் கும்பிடுகிறவர்கள் எல்லோரும் கூட்டத்துக்கு வருகிறோம், வேம்புலி அண்ணன் லாரியிலேயே. அதைவிட அதிகமாகப் புகை விடும் லாரி பாடியில் கிடையாது. நாங்கள் வந்து இறங்கும் நேரத்தில் மனோகரன் சாரின் அறை ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள்.