காயக் கூடாத பாத்தி

இருளாயிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து குத்தவைத்தபடியே கோரை பிடுங்கினால் யாருக்கும் விடும். நிமிர்ந்தால் ஒரு வலி, குனிந்தால் இன்னொரு வலி. எந்த வலி தேவலை என்று பார்த்து அதிலேயே இருந்துகொள்வதுதான் தளிராபுரி ராஜ்யத்தின் புல் ஆராய்ச்சித் தோட்டத்தில் பெண்களின் பிழைப்பு.

தளிராபுரியில் ராஜாவைத் தேர்தல் வைத்துத்தான் எடுப்பார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வரும். ஒவ்வொரு முறையும் அதே ராஜாதான் வருவார். நாட்டைப் பச்சையாக்கிக் காட்டுகிறேன் என்று போன தேர்தலில் வாக்குக் கொடுத்தவர், ஜெயித்ததும் தலைநகரில் நாலு தெரு கூடுகிற இடமெல்லாம் புல்தரை போட்டார். மாடு மேயக் கூடாது, ஆள் உட்காரக் கூடாது, பார்க்கலாம். புல்லுக்குத் தண்ணீர் வேண்டுமே. தெருக்களுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் வண்டிகளைப் புல்தரைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஜனங்கள் காலிக் குடத்தோடு அரண்மனை வாசலில் வந்து நின்ற பிறகுதான், அதிகம் தண்ணீர் கேட்காத புல் ஒன்றை உருவாக்குவது என்று அரசவையில் முடிவானது.

அந்த வேலை புல்லியல் அதிகாரி குணபாலருக்கு வந்தது. மனிதர் கெட்டிக்காரர்தான். விடிகிற நேரத்தில் சின்னத் தூரிகையோடு வந்து, உப்பங்கழிக் கரைப் புல்லின் பூந்தூளைத் தொட்டுப் பொட்டல்காட்டு அருகம்புல்லின் பூவில் தடவுவார். அப்படிப் பிறந்த புல்லையெல்லாம் வகைக்கொரு பாத்தியாக நட்டு, ஆளுக்கொரு பாத்தி என்று பெண்களிடம் விட்டிருந்தார். கோடை முழுக்கத் தண்ணீர் விடக் கூடாது. எது தாங்குகிறதோ அதுவே ராஜ்யத்தின் புல். அதுவரைக்கும் சரியான வேலை.

கெடுத்தவர் பசுமை மந்திரி அமரசிகாமணி. ஒருநாள் பல்லக்கில் வந்து இறங்கியவர், ஒரு பாத்தியின் ஓரத்தைக் கைத்தடியால் காட்டினார்.

“இது என்ன நிறம்?”

“காய்ந்த நிறம், பிரபு. சில பாத்திகள் காய வேண்டும். அப்போதுதான் காயாதது எது என்று தெரியவரும்.”

“நமது ராஜ்யத்தில் காய்ந்த நிறம் கிடையாது என்று போன மாதம்தான் சட்டம் இயற்றியிருக்கிறோம். ஆராய்ச்சியும் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆகவே, எந்தப் பாத்தி காய்கிறதோ அந்தப் பாத்திக்காரிக்குக் கூலித் தண்ணீர் நிறுத்தப்படும்.”

கூலித் தண்ணீர் என்பது வேலை முடிந்து போகும்போது ஆளுக்கு ஒரு குடம் ஊற்றிக்கொடுப்பது. தெருவுக்கு வண்டி வராத காலத்தில் பெண்கள் அந்தக் குடத்தை நம்பித்தான் வந்தார்கள். காசெல்லாம் அதற்கு அப்புறம்.

பெண்களுக்குக் கணக்குப் போட ரொம்ப நேரம் ஆகவில்லை. சாயங்காலம் குடத்தை வாங்கிக்கொண்டு, பாத்தியைச் சுற்றி வருவதுபோல் வந்து பாதியை அதில் கவிழ்த்துவிடுவார்கள். மீதிப் பாதி வீட்டுக்கு. முழுக் குடமும் போவதற்கு அரைக் குடமாவது நிற்கட்டும்.

“இந்தப் புல்லுக்கு வந்த வாழ்வப் பாரு மதினி,” என்றாள் பக்கத்துப் பாத்திச் சடச்சி. “எம் மாமியாளுக்குக்கூட நான் இப்படி ஊத்துனதில்ல.”

“ஊத்தியிருந்தா அவளும் பச்சையா இருந்திருப்பா,” என்றாள் இருளாயி.

அந்த வாரமே இருளாயியின் மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தாள். பெற்றவளுக்கு வெந்நீர், பிள்ளைக்குக் குளிப்பாட்டு, துணிக்கு அலசல் என்று அரைக் குடம் எந்த மூலைக்கும் போதவில்லை. இருளாயி முழுக் குடத்தையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாள்.

“மதினி, பாத்தி வாடுது. இருக்குறதும் போயிரும்.”

“போனாப் போகுது. பச்சப் பிள்ளையப் போட்டுட்டுப் புல்லக் குளிப்பாட்டச் சொல்றியா?”

சில நாளில் பாத்தி மொத்தமும் காய்ந்து சருகுநிறத்துக்கு வந்துவிட்டது. அடுத்த தடவை மந்திரி வந்தபோது, மற்ற பாத்திகளெல்லாம் பளபளவென்று இருக்க, அது ஒன்று மட்டும் உரித்துப் போட்ட பாய்போல் கிடந்தது.

மந்திரிக்கு அதையும் மீறிச் சந்தோஷம். “ஒரு வகை தேறும் என்று பார்த்தோம். ஒன்று தவிர அத்தனையும் தேறிவிட்டன. எல்லாம் ராஜாவின் ராசி. என்ன சொல்கிறீர், குணபாலரே?”

குணபாலர் குனிந்து ஒரு பச்சைப் பாத்தியின் மண்ணைத் தொட்டார். ஈரமாக இருந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “ஆம், பிரபு,” என்றார்.

இருளாயிக்குக் கோடை முடியும்வரை கூலித் தண்ணீர் கிடையாது, காய்ந்த புல்லைப் பிடுங்கி ஊருக்கு வெளியே வீச வேண்டும் என்று உத்தரவானது. இருளாயி எழுந்து நின்றாள்.

“ஐயா, மத்த பாத்தியெல்லாம் தண்ணி குடிச்சிருக்கு. நீங்க சொன்னபடி குடிக்காமக் கெடந்தது எம் பாத்தி ஒண்ணுதான்.”

“குடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது அம்மா,” என்றார் மந்திரி, பொறுமையாக. “குடித்ததுபோல் இருக்க வேண்டும்.”

வேலையை விட்டால் காசும் போய்விடும் என்று இருளாயி களை எடுக்க வந்துகொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் பெண்கள் அவள் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போய், தங்கள் அரைக் குடத்திலிருந்து ஆளுக்கொரு செம்பு ஊற்றிவிட்டுப் போனார்கள். பிள்ளை தினமும் குளித்தது. அதற்கு யாரும் சட்டம் போடவில்லை.

அரண்மனையில் வேலை மும்முரமாக நடந்தது. தண்ணீரே கேட்காத புல் கிடைத்துவிட்டதால் தண்ணீர்ப் பஞ்சம் முடிந்தது என்று முரசறைந்தார்கள். பஞ்சம் முடிந்ததால், தெருக்களில் தோண்டிக்கொண்டிருந்த கிணறுகளைப் பாதியில் நிறுத்தினார்கள். தேறிய புல்லை எல்லாப் புல்தரைகளிலும் நட்டார்கள். அங்கே அரைக் குடம் கவிழ்க்க ஆள் இல்லை, மொத்தமும் செத்தது. உடனே வெள்ளையடிக்கிறவர்களைக் கூப்பிட்டுப் புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்தார்கள். அத்தனை பேருக்கு வேலை கொடுத்ததையும் சாதனையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்குள் தேர்தல் வந்துவிட்டது.

ராஜா ஊர்வலம் வரும்போது புழுதி பறக்கக் கூடாதல்லவா? வண்டிகள் வந்து ஒரு வாரம் எல்லாத் தெருவிலும் தண்ணீர் தெளித்தன. கேட்டவர்களுக்குக் குடத்திலும் பிடித்துக் கொடுத்தார்கள். தண்ணீரைக் கண்டதும் ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தோரணம் கட்டினார்கள். மேளம் பிடித்தார்கள்.

ஊர்வலத்துக்கு முன்னால் தெருத்தெருவாகப் பார்வையிட்டுக்கொண்டு வந்த அமரசிகாமணி, இருளாயியின் தெருமுனையில் பல்லக்கை நிறுத்தச் சொன்னார். சாயம் பூசாத புல் ஒன்று ரோட்டோரத்தில் மொத்தையாகத் தழைத்துக் கிடந்தது. குணபாலர் ஓடிவந்து வேரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

“பிரபு, காய்ந்ததுபோல் தூங்கிக் கிடந்திருக்கிறது. வேர் சாகவே இல்லை. நாம் தேடிய புல் இதுதான்.”

மந்திரி அங்கேயே ஒரு வண்டிமேல் ஏறி நின்று பேசினார். “குடிமக்களே, புல் என்றால் இது புல். வருடக்கணக்கில் தண்ணீர் காட்டாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. மிதித்தால் படுத்துக்கொள்ளும். ஒரு வாரம் தெளித்தால் பழசையெல்லாம் மறந்து தழைத்துவிடும். நமது ராஜ்யத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.”

நிரம்பிய குடத்தோடு நின்ற ஜனங்கள் கைதட்டினார்கள். சடச்சியும் தட்டினாள். தட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“மதினி, அவரு புல்லத்தான சொல்றாரு?”

இருளாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டியடிக்குப் போனாள்.

“ஐயா, இது எம் பாத்திப் புல்லு. காஞ்சுபோச்சுன்னு வீசச் சொன்னீங்க. ஊருக்கு வெளிய சுமக்க மாட்டாம இங்க தெருமுனையில போட்டேன். அது நல்ல புல்லுன்னு ஆயிப்போச்சுல்ல? அப்ப நிறுத்துன தண்ணியக் குடுத்துருங்க.”

“நியாயமான கோரிக்கை. தேர்தல் முடியட்டும் அம்மா.”

தேர்தல் முடிந்தது. அதே ராஜா வந்தார். புல்லுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மறுநாள் வண்டிகள் வரவில்லை. இருளாயி வாராவாரம் மந்திரி வாசலுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறாள். துணைக்குத் தெருப் பெண்களும் பேசிச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். காவல்காரன் அவர்களைத் தூரத்தில் கண்டதுமே கதவைச் சாத்திக்கொள்கிறான்.

தளிராபுரி ராஜ்யம் இருளாயிக்கு ஒரு கோடைக்காலத்துக் கூலித் தண்ணீர் பாக்கி.