சுவாதிக்காரர்களுக்கு மட்டும் கால் வலிக்காது

"உனக்குக் கணக்கு வருமாம்மா?"

வேலை கேட்டுப் போன தனத்திடம் கோதண்டராமன் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"வராதுங்க" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போடக் கூப்பிட்ட அன்று வீட்டுக்கு ஓடி வந்தவள், பிறகு பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை.

அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லது. கையெழுத்து மட்டும் அழகா இருந்தா போதும். நாளைக்கே வந்துடு."

கணக்குத் தெரியாதவளை ஒருவர் தேடி வேலைக்கு வைக்கிறார் என்றால் ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். தனம் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டதோடு சரி.

அது 1998. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் ஏறிக்கொண்டே போன காலம். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால். சுற்றி முடித்தால் பாதிப் பேருக்குக் கால் வலிக்கும், மீதிப் பேருக்கு வலிக்காது. இந்தப் பாதிக்கும் மீதிக்கும் நடுவில்தான் கோதண்டராமன் தேரடி வீதியில் கடை போட்டிருந்தார். 'புள்ளிவிவரச் சித்தர்' என்று பெயர்ப்பலகை. காவி வேட்டி, சட்டைப் பையில் கால்குலேட்டர். அவர் மந்திரித்த மஞ்சள் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு நடந்தால் வலி வராதாம். மற்ற சாமியார்கள் சத்தியம் செய்வார்கள். இவர் சதவீதம் சொன்னார். அதனால் படித்தவர்கள்தான் முதலில் விழுந்தார்கள்.

ஒரு பௌர்ணமியில் சோதனை வைத்தார். இருபத்தேழு நட்சத்திரம், நட்சத்திரத்துக்கு ஐந்து பேர். கயிறு கட்டி அனுப்பி, திரும்பி வந்ததும் "வலிக்குதா?" என்று கேட்டு ஏட்டில் குறிப்பது தனத்தின் வேலை. சுவாதியில் நான்கு பேர்தான் கிடைத்தார்கள்.

"உங்க வீட்ல யாரும் சுவாதி இல்லியா?" என்றார் சித்தர்.

இருந்தாள், அம்மா ஆராயி. சர்க்கரைக்காரி, உள்ளங்காலில் சின்னதாக ஒரு புண். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தனம் அம்மாவை நடக்கவிட்டாள். இவ்வளவு நல்ல மகள் யாருக்குக் கிடைப்பாள்?

சுற்றி வந்த ஆராயி, "வலியே தெரியலடி" என்றாள். தனம் அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் ஏட்டைப் புரட்டிய சித்தரின் விரல் சுவாதியில் நின்றது. ஐந்துக்கு ஐந்து.

"கயிறு சும்மான்னே வெச்சுக்க. அஞ்சு பேருக்கும் வலிக்காம போறது முப்பத்திரண்டுல ஒருவாட்டிதான் நடக்கும். நூத்துக்கு மூணு. நூத்துக்கு அஞ்சுக்குக் கம்மின்னா அது தற்செயல் இல்லைனு விஞ்ஞானமே ஒத்துக்குது."

"மீதி இருபத்தாறு நட்சத்திரம்ங்க?"

"அந்தப் பக்கங்களைக் கிழிச்சுடு."

கிழித்தாள். ஆனால் வாய்விட்டுச் சொல்லத் துணியாததையெல்லாம் ரகசியமாக எழுதி, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் நோட்டு ஒன்று அவளிடம் இருந்தது. அந்த இருபத்தாறும் அதில் முன்பே ஏறியிருந்தன.

பிறகு கடை வாசலில் இருந்த கரும்பலகையில் கலர் சாக்பீஸால் எழுதினாள்: 'சுவாதி நட்சத்திரத்தாருக்கு மட்டும்! தொண்ணூற்றேழு சதவீதம் நிரூபணம்!' சும்மா கயிறாக இருந்தாலும் நூற்றுக்கு மூன்று தடவை இப்படி நடக்கும் என்பது, கயிறு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு நிஜம் என்று எப்படி மாறியது? யாரும் கேட்கவில்லை. எழுதியவளும் கேட்கவில்லை. அவள் 'ழு'வின் வால் அழகாகச் சுழித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் வேலூர் பஸ்ஸிலும் விழுப்புரம் ரயிலிலும் வந்து இறங்கியது. சுவாதியில் பிறக்கும் பாக்கியம் இல்லாதவர்கள் ஜாதகத்தைத் திருத்திக்கொண்டு வந்தார்கள்.

ஆராயி செவ்வாய்தோறும் புண்ணுக்குக் கட்டுப்போட ஆஸ்பத்திரி போவதை நிறுத்திவிட்டாள்.

"எதுக்குடி போவணும்? வலிதான் இல்லியே. நீயே உன் கையால எழுதிகீற, தொண்ணூத்தேழுனு."

எட்டணா அளவு இருந்த புண் உள்ளங்கை அளவானது. தனம் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப்போடும் நர்ஸ் ஜோதியம்மாளிடம் சொன்னாள்.

"வலிக்கலியா? அதான்மா ஆபத்தே. சர்க்கரையில கால் மரத்துப்போச்சு. ஆணி ஏறினாலும் தெரியாது. இப்படியே உட்டீங்கன்னா காலை எடுக்க வேண்டியதுதான்."

அடி அண்ணாமலையில் இருந்த வீட்டுக்கு வந்த தனம், தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்து வைத்த புளியங்கொட்டைகளில் ஐந்தை எடுத்தாள். கொட்டை ஒவ்வொன்றும் ஒரு ஆள், தேய்த்த வெள்ளைப் பக்கம் விழுந்தால் வலி இல்லை என்று வைத்துக்கொண்டாள். நட்சத்திரத்துக்கு ஒரு தடவை உருட்டினாள், அசுவினி தொடங்கி ரேவதி வரை. முதல் சுற்றில் யாருக்கும் ஐந்தும் வெள்ளையாக விழவில்லை. இரண்டாவதில் பூராடத்துக்கு விழுந்தது. மூன்றாவதில் பரணிக்கும் சதயத்துக்கும். எந்தச் சித்தரும் புளியங்கொட்டைக்கு மந்திரம் ஓதியிருக்கவில்லை. இருபத்தேழு கல் எறிந்தால் ஒரு மாங்காய் விழத்தான் செய்யும். விழுந்ததைக் காட்டி, குறிபார்த்து அடித்தேன் என்று சொல்ல ஒரு சித்தர் வேண்டும். அதை எழுதிவைக்க ஒரு தனம் வேண்டும்.

"புளியங்கொட்டையும் சாமி கயிறும் ஒண்ணா?" என்றாள் ஆராயி. நர்ஸ் சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

சரி, கயிறாலேயே பார்த்துவிடலாம். அடுத்த பௌர்ணமியில் வந்த சுவாதிக்காரர்களில் நாற்பது பேரை எடுத்துக்கொண்டாள். ஒருவருக்குச் சித்தரின் கயிறு, அடுத்தவருக்குப் பூக்கடையில் வாங்கிய வெறும் மஞ்சள் கயிறு என்று மாற்றி மாற்றிக் கட்டினாள். யாருக்கு எது என்று அவள் நோட்டுக்கு மட்டும் தெரியும். விடிந்ததும் எல்லோரையும் கேட்டுக் குறித்தாள்.

பிறகு, ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையைக் கண்டு ஓடியவள், தானாகவே அதன் முன் போய் நின்றாள். தொண்ணூற்றேழை அழித்துவிட்டு, நோட்டில் இருந்த கணக்கை எழுதினாள்.

பக்கத்துக் கரும்புச்சாறு கடை இருசப்பன் எதையும் சத்தம் போட்டுத்தான் படிப்பார். "மந்திரிச்ச கயிறு, இருபது பேர்ல பதினோரு பேருக்கு வலி. பூக்கடைக் கயிறு, இருபதுல பத்து பேருக்கு வலி. போன தடவை இருபத்தேழு நட்சத்திரம் பார்த்ததுல இருபத்தாறு தேறல." அவர் திரும்பினார். "இன்னா சாமி, பூக்கடைக்காரன் உன்னைவிடப் பெரிய சித்தனா கீறான்?"

"ஆராய்ச்சியில வேண்டாததைத் தள்ளிடறது வழக்கம்தாங்க" என்றார் சித்தர். "சுவாதி அஞ்சு பேரும் நிஜம். வேணும்னா இந்தப் பொண்ணையே கேளுங்க."

அத்தனை முகங்களும் தனத்தின் பக்கம் திரும்பின. புதுக்கயிறு வாங்க வந்து வரிசையில் நின்றிருந்த ஆராயியின் முகமும்தான். தனம் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

"அஞ்சாவது ஆளு எங்கம்மாங்க. அவங்க கால் மரத்துப்போச்சு. நெருப்பை மிதிச்சாலும் வலிக்காதுனுதான் சொல்லுவாங்க. நான் அதையும் எழுதிக்கினேன்."

சித்தர் கால்குலேட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் ஒருவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அப்போ விசாகத்துக்கு எதுனா கீதா சாமி?"

தனம் மறுபடி சாக்பீஸை எடுத்தாள். பலகையின் அடியில் எழுதினாள்: 'பலித்தது எது என்று காட்டுகிறவனிடம், மொத்தம் எத்தனை பார்த்தாய் என்று கேளுங்கள். கேட்கத் தெரியாவிட்டால் வாருங்கள், நானும் கேட்காமல் எழுதியவள்தான், என் பக்கத்தில் நிற்க நிறைய இடம் இருக்கிறது.'

ஆராயி வரிசையை விட்டு விலகினாள். குனிந்து கட்டைவிரல் கயிற்றைப் பிய்த்துச் சித்தரின் மேசைமேல் வைத்தாள். மகளைப் பார்க்கவில்லை. காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் நடந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை.