உட்கார்ந்த இடத்திலிருந்தே அளப்பவர்

நம்மிடையே ஒரு வகை மனிதர் இருக்கிறார். நீங்கள் எந்தக் குறையைச் சொன்னாலும் மறுக்க மாட்டார், கோபப்பட மாட்டார், அளந்து பார்ப்பார். அளந்து முடித்ததும் உங்கள் குறை காணாமல் போயிருக்கும். ஓர் எண் மட்டும் மிஞ்சும். எண்ணோடு யார் சண்டை போடுவது?

கம்ப்யூட்டர் உள்ள அலுவலகங்களில் இந்த இனம் நன்றாகச் செழிக்கும். திருவெறும்பூரில், பாய்லர் பாகங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் இருக்கும் ஹரிபிரசாத்தைப் பாருங்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பைக்கில் வருபவர். இன்று எத்தனை நிமிடத்தில் வந்தார் என்பதை யாரும் கேட்காமலே சொல்வார். அந்த நிறுவனத்தின் வரைபடங்கள் எல்லாம் ஃபைல் சர்வர் என்ற ஒரே இயந்திரத்தில் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் இருபத்திரண்டு பேரும் ஒயர் வழியாக அதிலிருந்து எடுத்து, திருத்தி, அதிலேயே திரும்ப வைக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்வதுதான் ஹரியின் வேலை. அவர் பார்த்துக்கொள்வதில்லை. சோதிக்கிறார்.

காலையில் வந்ததும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி கமாண்ட் அடிப்பார். அது சர்வரிடம் ஆயிரம் ஃபைல்களைக் கொடுத்து, திருப்பி வாங்கி, அழித்து, எவ்வளவு நேரம் பிடித்தது என்று சொல்லும். அடுத்த கமாண்ட், ஒரே ஒரு பெரிய ஃபைலை வைத்து அதையே செய்யும். மூன்றாவது கமாண்ட் எதற்கு? முதல் இரண்டும் சொன்னது சரிதானா என்று பார்க்க. வெள்ளை எழுத்துகள் ஓடும்போது அவர் முகத்தில் படரும் நிம்மதியை, பெருமாளைச் சேவித்துவிட்டு வருபவர்களிடம்கூட நான் கண்டதில்லை. கடைசியில் நொடிக்கு நூற்றுப் பன்னிரண்டு எம்பி வேகம் என்று வரும். அதை எக்செல்லில் ஏற்றி, வண்ணக் கோடு இழுத்து, மேனேஜர் காசிநாதனுக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவார்.

அதே நிறுவனத்தின் மாடியில் வரைபடம் போடுபவர் சித்ராதேவி. பொன்மலையிலிருந்து வருகிறார், ஒன்பது வருட அனுபவம். ஜனவரியில் மாடியில் மேசை பீரோக்களை எல்லாம் இடம் மாற்றினார்கள். அதன் பிறகு அவர் எந்த வரைபடத்தைத் திறந்தாலும் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே இருந்தது. ஹரியிடம் சொன்னார். ஹரி சோதித்தார். நூற்றுப் பன்னிரண்டு. சர்வர் ஜோராக இருக்கிறது என்றார். அடுத்த வாரம் மறுபடியும் போய்ச் சொன்னார். நூற்றுப் பதினான்கு. மூன்றாவது தடவை, பத்து ஃபைல்களை ஒன்றாகத் திறக்கும் பழக்கத்தை விட்டுவிடும்படி அறிவுரை கிடைத்தது. அவர் திறந்தது ஒன்று.

வேலை தேங்கியது. காசிநாதன் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் சித்ராதேவி தாமதமாக முடித்த வேலைகள். மற்றதில் ஹரியின் வண்ணக் கோடு. சர்வர் வேகமாக இருக்கிறது என்றால் மெதுவாக இருப்பது யார்? விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் மெமோ. சித்ராதேவி அதை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். வீட்டில் யாரிடமும் காட்டவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, ஒரு வாடிக்கையாளர் நான்கு மணிக்குள் திருத்திய வரைபடம் கேட்டிருந்தார். இரண்டரை மணிக்கு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சித்ராதேவி கீழே இறங்கி வந்தார். ஹரிக்கு உற்சாகம். இந்த முறை விரிவாகவே பார்த்துவிடுவோம் என்று, நூறு பேர் ஒரே நேரத்தில் சர்வரை மொய்ப்பது போல நடிக்கும் கமாண்டை ஓட்டினார். இல்லாத நூறு பேர் முண்டியடித்து உள்ளே புகுந்ததில், இருக்கிற இருபத்திரண்டு பேரின் திரையிலும் வட்டம் சுற்றியது. மாடியிலிருந்து ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். சோதனை நடக்கும்போது இப்படிச் சத்தம் போடுகிறார்களே என்று ஹரி சலித்துக்கொண்டார்.

"சார், அத நிறுத்துங்க," என்றார் சித்ராதேவி. குரல் உயரவில்லை. "மேல வந்து என் சீட்ல உக்காந்து ஒரே ஒரு ஃபைலத் திறந்து பாருங்க."

"இங்கேர்ந்து பாத்தாலே தெரியுமே மேடம்."

"ரெண்டு மாசமா இங்கேர்ந்துதான பாக்குறீங்க."

ஹரி சோதனையை நிறுத்திவிட்டு எழுந்தார். சர்வர் இருப்பது அவர் மேசைக்குப் பக்கத்தில். அவருக்கும் அதற்கும் நடுவே மூன்றடி ஒயர். மாடிக்குப் பதினாறு படி. இந்த வருடத்தில் அந்தப் படிகளில் அவர் கால் வைத்தது அன்றுதான். சித்ராதேவியின் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். ஒரு நிமிடம் ஆனது. நான்கு நிமிடம் ஆனது. ஏழாவது நிமிடத்தில், வேறு வழியில்லாமல், குனிந்து ஒயர் போகும் வழியைப் பார்த்தார். இரும்பு பீரோவின் ஒரு கால் அதை நசுக்கிக்கொண்டு நின்றது.

பக்கத்து சீட் நவநீதனும் சித்ராதேவியுமாக பீரோவை நகர்த்தினார்கள். புது ஒயர் மாட்டியதும் அதே ஃபைல் நான்கு நொடியில் திறந்தது. நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வரைபடம் போய்ச் சேர்ந்தது.

ஹரி வருத்தம் தெரிவித்தாரா? அளந்தார். முன்பு ஏழு நிமிடம், இப்போது நான்கு நொடி, நூறு மடங்கு முன்னேற்றம் என்று வண்ணக் கோட்டோடு எல்லோருக்கும் மெயில் போட்டார். காசிநாதன் அவரைப் பாராட்டிப் பதில் எழுதினார்.

சித்ராதேவி அந்த மெயிலை அச்செடுத்து, தன் மெமோவோடு சேர்த்துப் பின் அடித்து, காசிநாதனின் மேசையில் வைத்தார்.

"நீங்க கேட்ட விளக்கம் சார். ஹரி சாரே எழுதிக் குடுத்திருக்காரு."

காசிநாதன் இரண்டு தாள்களையும் இரண்டு தடவை படித்தார். மெமோவைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, வேறெதையோ தேடுபவர் போல இழுப்பறையைத் திறந்தார். சித்ராதேவி மாடிக்குப் போய் அடுத்த வரைபடத்தைத் திறந்தார்.

இப்படி ஒருத்தர் எங்கள் ஆபீசிலும் இருக்கிறார் என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன சித்திரையில், சமையலறையிலிருந்து வேர்த்து வழிய வந்து "உள்ள நிக்க முடியலைங்க" என்றவரிடம், ஹாலில் ஃபேனுக்கு அடியில் சாய்ந்தபடி போனை எடுத்துப் பார்த்து, "முப்பத்தெட்டு டிகிரிதான காட்டுது" என்றது யார்?